கவிழ்த்து வைத்த தட்டு

மச்சான்,

போன சனிக்கிழமை மோர்டனில் தலைமயிர் வெட்டுவிக்கப் போயிருந்தேன். பாதித் தலை முடிந்த நேரம், கடை றேடியோவில் ஒரு வயலின் இழுத்தது. முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, எங்கள் பாட்டு. மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். வெட்டிக்கொண்டிருந்த சைப்பிரஸ்காரன், என் காதில் பட்டுவிட்டதோ என்று பயந்துபோனான். ஒரு பக்கம் காடும் மறுபக்கம் வெளியுமாக நான் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்ட கோலத்தை நீ பார்த்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாய். பாட்டு முடிந்தபோது எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எண்பதுகளின் நடுவில் ஆர்ச்வேயில் நாங்கள் இருவரும் ஓர் அறையில் இருந்தோமே, அந்த வீட்டுக்கார அம்மா அயர்லாந்துக்காரி. ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, உருளைக்கிழங்கு அவியும் வரை குசினியில் அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுகள் கேட்பார். 'கன்ட்ரி' என்று அதற்குப் பெயர். அவரிடமிருந்துதான் உனக்கு அந்தப் பைத்தியம் தொற்றியது. "உழவு மெஷின், நாய், பைபிள், அழுகிற ஆம்பிளை. இதை விட்டால் இவங்களுக்கு வேற விசயம் இல்லையோ?" என்று நான் நக்கலடிப்பேன். நீ விடமாட்டாய். "எங்கடை பாட்டுகளில மட்டும் என்ன கிடக்கு? மாடு, கோயில், அழுகிற பொம்பிளை. விசரா, பொருளைப் பாக்காதை, வைச்ச விதத்தைப் பார்."

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் நீ. இங்கே ஒரு ஹோட்டலின் நிலவறையில் கோப்பை கழுவினாய். வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கசெற்றைப் போட்டு, இங்கிலிஷ் பாட்டை வரிவரியாகப் பிரித்து எனக்குப் பாடம் எடுப்பாய். நான் கணக்குப் படித்தவன். என்றாலும் வாய் கொடுக்காமல் இருந்ததில்லை.

பாட்டைப் பிடிப்பதில் உனக்கொரு வீம்பு இருந்தது. றேடியோவும் கசெற்றும் சேர்ந்த பெட்டி உன்னுடையது. அறிவிப்பாளரின் குரலில் ஒரு சொல்கூட நாடாவில் விழக் கூடாது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருந்த நோய்தான், உனக்கு முற்றியிருந்தது. பொத்தானில் விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். எங்கள் பாட்டு வந்த அன்றும் அப்படித்தான். வயலின் ஓய்ந்த அந்தக் கணமே டக்கென்று நிறுத்தினாய். "பிடிச்சிட்டன் மச்சான், ஒரு சொல்லும் விழேல்லை!" உடனேயே பின்னுக்குச் சுற்றிப் போட்டும் காட்டினாய்.

பாட்டு ஒரு கமக்காரனைப் பற்றியது. முதற் சரணத்தில் மழையில்லாத வருடம். அவன் வயலில் முழங்காலில் இருந்து மண்ணை நசித்துப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அதே முழங்காலில் இருக்கிறான். இரண்டாவதில், இந்த மண் எனக்கு வேண்டாம் என்று மகன் விடியமுதல் பஸ் ஏறிவிடுகிறான். மூன்றாவதில் மழை பெய்து, பயிர் விளைந்து, வீட்டில் விருந்து. சாப்பிடமுன் தகப்பன் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். மகனின் பெயர் வரவில்லை. மேசையில் மகன் வழக்கமாக இருக்கிற இடத்தில் ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருக்கிறது. பிறகு வயலின் அடங்கிவிடும்.

"முழங்கால் ஒண்டுதான்டா. மண்ணைப் பாக்கவும் அதுதான், கும்பிடவும் அதுதான். பக்தி எண்ட சொல்லே இல்லாமல் சொல்லிப்போட்டான், பாத்தியே?" என்றாய். அதை நானும் ஒத்துக்கொண்டேன். தட்டில்தான் எங்கள் சண்டை. வயலும் ஊடலுமாக இருப்பதால் அது மருதத்திணை, கோபத்தின் பாட்டு என்றாய் நீ. நீ சொல்லித்தந்த பாடத்தை வைத்தே நான் திருப்பிக் கேட்டேன்: "அது முல்லையடா, காத்திருக்கிற பாட்டு. தூசி விழாமல் இருக்கத்தானே தட்டைக் கவிட்டு வைக்கிறது? வரமாட்டான் எண்டு நினைச்சால் தட்டே வைச்சிருக்க மாட்டினம்." நீ தலையை ஆட்டினாய். "பேர் சொல்லேல்லை. அதோடை பாட்டு முடிஞ்சுது. முடிச்ச இடத்திலதான் கவிதை கிடக்கு."

அது வெறும் இலக்கியச் சண்டை இல்லையென்று இரண்டு பேருக்கும் தெரியும். உன் அப்பாவும் கமக்காரர். மிளகாயும் வெங்காயமும் போட்ட தோட்டத்தை நீ பார்ப்பாய் என்று இருந்தவர். நீ அவருக்குச் சொல்லாமல் விடியமுதல் வெளிக்கிட்டு வந்தவன். தங்கச்சியின் கடிதங்களில் 'அப்பா சுகம்' என்று ஒரு வரி இருக்கும், அவர் கைப்பட எதுவும் இருக்காது. "நீ முதல் எழுதன்டா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "தட்டைக் கவிட்டாச்சு மச்சான். இனி என்னத்தை எழுதுறது?" என்பாய். ஒரு பாட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வாழ்ந்த ஆளை நான் வேறெங்கும் காணவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மேடேறி முருகன் கோயிலுக்குப் போவோம். அர்ச்சனைக்கு அம்மாவின் பெயர் சொல்வாய், தங்கச்சியின் பெயர் சொல்வாய், அவளின் பிள்ளையின் பெயரும் சொல்வாய். "அவ்வளவுதானோ?" என்று ஐயர் கேட்பார். "ஓம் ஐயா." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாட்டில் வரும் தகப்பனைக் குறை சொல்லிக்கொண்டு அதையேதானே நீயும் செய்தாய்!

பிறகு நீ கலியாணம் கட்டி மனோர் பார்க் போனாய், நான் மோர்டனுக்கு வந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், சண்டைக்குப் பயந்து ஊர்ச் சனமெல்லாம் வீடுவாசலை விட்டுப் போன காலத்தில், போன இடத்திலேயே அப்பா கண்ணை மூடிவிட்டார். நான் ஓடிவந்தபோது நீ முன்னறையில் இருந்தாய். "பாத்தியே மச்சான், கடைசி வரைக்கும் என்ரை பேர் சொல்லேல்லை." தங்கச்சியிடம் கேட்டாயா என்றேன். "கேக்கேல்லை. கேட்டு என்ன?" என்று சுவரைப் பார்த்தாய். அடுத்த வருடமே நெஞ்சுநோவென்று நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த வயதில் போகிறவனா நீ, சொல்லு.

சனிக்கிழமைக்கு வருகிறேன். வயலின் ஓய்ந்தது. சைப்பிரஸ்காரனும் பாட்டு முடிந்ததென்று மெஷினைக் கையில் எடுத்தான். நாங்கள் எத்தனையோ தரம் கேட்ட அதே மௌனம். ஆனால் இந்த முறை பொத்தானை அமத்த நீ இல்லை. நான் மூச்சு விட்டு முடிக்கமுன் பாட்டுக்காரன் திரும்பவும் தொடங்கினான்.

நாலாம் சரணம் ஒன்று இருக்கிறது, மச்சான்.

விருந்துக்கு வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கிழவன் மட்டும் மேசையடியில். அவன் அந்தத் தட்டை நிமிர்த்தி வைக்கிறான். ஆட்களுக்கு முன்னால் சொல்ல வாய் வராத பெயரை, தனியே இருந்து கடவுளுக்குச் சொல்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

ஐயோ, அறிவிப்பாளருக்குப் பயந்து நாங்கள் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் அடிபட்டோம்! ஆர் வென்றது என்பதில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை. அந்தச் சலூன் கதிரையில் துணியைப் போர்த்திக்கொண்டு அழுதேன். கண்ணில் மயிர் விழுந்துவிட்டதென்று சைப்பிரஸ்காரனுக்குப் பொய் சொன்னேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் வெளிக்கிட்டு, சப்பாத்தும் போட்டபிறகு, குடையை விட்டுவிட்டேன் என்று நான் திரும்ப உள்ளே வந்தேன். நீ ஐயருக்கு முன்னால் தனியே நின்றாய். அப்பாவின் பெயரையும் பூராட நட்சத்திரத்தையும் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் குடையை எடுக்காமலே வெளியே போய் மழையில் நின்றேன். நீ வந்தபோது நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இதையெல்லாம் ஆம்பிளைகள் நாங்கள் கதைக்கிறதில்லையே. நாலாம் சரணம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்துக் கத்தியிருப்பேன்: "டேய், நீ செய்யிறதை அவரும் அங்கை செய்துகொண்டுதான் இருப்பாரடா!"

உன் தங்கச்சியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. எடுத்துக் கேட்கவா என்று யோசிக்கிறேன். ஓம், அப்பா உன் பெயரைத் தனியே இருந்து சொன்னவர் என்று அவள் சொன்னால், அதை நான் ஆரிடம் கொண்டுபோய்ச் சொல்ல?

இப்போது வீட்டில் றேடியோ பாடினால், பாட்டு முடிந்தபிறகும் நான் எழும்புவதில்லை. தேத்தண்ணி ஆறுகிறதென்று மனுசி ஏசுகிறாள். "பொறு, முடிஞ்சுதோ எண்டு பாப்பம்" என்கிறேன். அறிவிப்பாளர் வாயைத் திறக்கும் வரை அப்படியே இருக்கிறேன்.