பதினோரு கிலோ கன்மெட்டல்

சூலூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ரித்திகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு அம்மா நலம், பட்டறை நலம், நம் ஃபிட்டர் அங்கப்பன் நலம். நான் மட்டும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு நடமாடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் நீ "பரவால்லீங்கப்பா" என்று சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் முழுதாகப் படி.

இந்தப் பெட்டியில் இருப்பவை நீ முதலில் கேட்ட அதே வெளிநாட்டுக் கப்பிகள், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் அதே பிளாஸ்டிக் பற்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு முன்னால் நான் செய்ததையெல்லாம் கழற்றிவிட்டு இவற்றை மாட்டு. திருகு ஓட்டைகள் அப்படியே பொருந்தும். அது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

உன் பாய்மரப் படகில் கப்பியெல்லாம் தேய்ந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருஷமாக பம்ப்செட் செய்கிறவன் மகள், உள்ளங்கை அகலக் கப்பிக்கு வெளிநாட்டைப் பார்ப்பதா? அதுவும் பிளாஸ்டிக்! நம் பக்கம் போர்வெல்லில் மோட்டார் இறக்கும்போது கயிறு நழுவினால் மோட்டாரைத் தலைமுழுக வேண்டியதுதான். அந்தப் புத்தியோடுதான் வேலையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் நம் பம்ப்புக்குப் போடும் கனத்த வெண்கலமான கன்மெட்டலில் வார்த்து, பல்லுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங் போட்டேன். ஐந்து எச்.பி. மோட்டாரை அதில் கட்டி ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டேன். இம்மி நகரவில்லை. "ஏனுங்க மொதலாளி, இது உங்க பேரன் காலத்துக்கும் வருமுங்க" என்றார் அங்கப்பன். எனக்குத் தலைகால் புரியவில்லை. போன மாதம் நாங்கள் இருவரும் சென்னைக்கே வந்து மாட்டிக் கொடுத்ததுதான் உனக்குத் தெரியுமே.

அன்றைக்கு எடை எவ்வளவு என்று கேட்டாய். "பழசு மாதிரியேதான் கண்ணு" என்றேன். பொய். பழைய சாமான் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ தேறாது. என்னுடையது பதினொன்று. படகு மந்தமாகப் போகிறது என்று நீ சொன்னபோதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ, உன்னோடு படகு ஓட்டும் நவ்யா கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாளே என்றேன். அந்தப் பெண் மூன்று வாரமாக வெள்ளரிக்காயும் மோருமாக இருக்கிறாளாம். அவள் எவ்வளவு இளைத்தாலும் என் கன்மெட்டல் இளைக்காது. அம்மா பூரணம் வைத்துச் சுட்ட ஒப்பிட்டு பத்து இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அத்தனையும் அவளுக்கு, நீ பங்கு கேட்காதே.

எடையோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேனோ என்னவோ. நேற்று, உங்கள் கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் ரைஹான், அங்கப்பனுக்குப் போன் போட்டு அந்தப் பல்லைக் கொஞ்சம் ராவித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். நான் போனை வாங்கி எதற்கு என்று கேட்டேன். "சார், காத்து திடீர்னு அடிச்சா பாய்க் கயித்தை ஒரே சுண்டுல விட்டுடணும். விடலைன்னா படகு கவுந்துடும். இதுவரைக்கும் மூணு தடவை கவுந்துடுச்சு" என்றார். கையில் இருந்த சாம்பிளை மேஜையில் முடுக்கியிருக்கும் வைஸில் மாட்டி, கயிறு போட்டு, நானும் சுண்டிப் பார்த்தேன். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் முடியவில்லை. கடைசியில் மேஜையில் காலை ஊன்றி இழுத்தேன், கயிறு வரவில்லை, வைஸ்தான் கழன்று வந்தது. அங்கப்பன் சிரித்தார். நான் அப்படியே போனை எடுத்து, இந்தப் பிளாஸ்டிக் சாமான் ஸ்டாக் இருக்கும் கடையைத் தேடி, ராத்திரியே ஆளனுப்பி வாங்கிவிட்டேன் கண்ணு.

மூன்று தடவை கடலில் விழுந்திருக்கிறாய். நான் ஒவ்வொரு வாரமும் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் "சூப்பருங்கப்பா" என்றாய். அப்பா பார்க்க வருகிறார், அதனால் பந்தயத்துக்கும் இதையேதான் வைத்துக்கொள்வேன் என்று ரைஹானிடம் சொன்னாயாமே. இது என்ன மரியாதை? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பாதி உன்மேல், பாதி என்மேல்.

நேற்றிலிருந்து வேலை ஓடவில்லை. கிணத்துக்கடவு மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோதும் நீ இப்படித்தான் யோசிக்காமல் சரி என்றாய். "புள்ளை மொகத்தப் பாத்தீங்களா?" என்று அம்மா அன்றைக்கே கேட்டாள். நான் எங்கே பார்த்தேன், அவர்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. யாருக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் என் பாடு, நீ அதை நினைக்காதே.

ஞாயிறு காலை ரயிலில் வந்து இறங்குவேன், கழற்றிய கன்மெட்டலை நானே பையில் போட்டு எடுத்துப்போகிறேன். நீ முதலாவதாக வந்தாலும் சரி, கடைசியாக வந்தாலும் சரி, பத்திரமாகக் கரைக்கு வந்து சேர். வந்ததும் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். மனதில் இருப்பதைச் சொல். நான் தாங்குவேன். இருபத்தாறு வயதாகிறது, உன் வாயிலிருந்து "வேண்டாங்கப்பா" என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லிப் பாரம்மா.

காலிப் பையோடு வரும்
உன் அப்பா,
தனபால்