அரை மணி பிந்திய பாங்கு

கல்முனை, புதுவீட்டுத் திட்டம்
04.07.2009

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் இந்த மாதம் வெயில் கொதிக்கும் என்று சொல்கிறார்கள். தலையில் துணி போடாமல் வெளியே இறங்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் பிழையைப் போனில் சொன்னால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். எனக்கும் பாதி மறந்துபோகிறது. நீங்கள் எழுதி அனுப்பினால் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

நாட்டில் சண்டை முடிந்து, நம்மட பக்கம் லைன் இழுத்து, இன்டர்நெட் வந்து, இரண்டு வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் உங்கட முகத்தைக் கண்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு கண்ட முகம். அதற்கடுத்த கிழமை கம்ப்யூட்டர் தன்பாட்டில் எதையோ இறக்கியது. அப்டேட் என்று எழுதியிருந்தது. அணைக்க வேண்டாம் என்றும் இருந்ததால் நான் தொடவில்லை. அதுவாக அணைந்து திறந்த பிறகு பார்த்தால், அடியில் கிடந்த நீலப் பட்டி வலப்பக்கம் ஏறி நெட்டுக்குத்தாக நிற்கிறது. படங்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. தமிழ் எழுத்து சதுரம் சதுரமாகத் தெரிகிறது. நீங்கள் போட்டுத் தந்த தொழுகைப் பாங்கு மட்டும் ஐந்து நேரமும் சொல்கிறது. பள்ளிக்கு இன்னும் ஸ்பீக்கர் கட்டவில்லை. பக்கத்து வீட்டு ஸகியாவும் அதைக் கேட்டுத்தான் தொழுகிறா.

நேற்று வெள்ளி. சொன்னபடி நம்மட ஊர் நேரம் நாலு மணிக்கு முன்னால் கம்ப்யூட்டரடியில் வந்து இருந்தேன். நீங்கள் வரவில்லை. போன வெள்ளியும் அப்படித்தான். கம்ப்யூட்டர் உங்களை உள்ளே விடவில்லையோ என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று. கண்ட அந்த இரண்டு வெள்ளியும் நீங்கள் கீழே பார்த்துக்கொண்டுதான் கதைத்தீர்கள். ஏன்?

பெருநாளைக்கு லீவு கேளுங்கள். வழியில் இனிப் பயமில்லை.

உங்கள் மனைவி,
றாஹிலா


தோஹா
17.07.2009

அன்புள்ள றாஹிலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. பயப்பட ஒன்றுமில்லை. அப்டேட்டுக்குப் பிறகு இப்படி வருவது வழமை. இங்கே ஒப்பீசிலும் கிழமைக்கு நாலு பேர் இதே முறைப்பாட்டோடு வருகிறார்கள்.

நீலப் பட்டியில் வெறும் இடம் பார்த்து மவுஸின் வலப்பக்கத்தை அமத்து. பூட்டியிருப்பதாகச் சரி அடையாளம் இருந்தால் அதை எடுத்துவிடு. பிறகு இடப்பக்கத்தை அமத்திப் பிடித்தபடி பட்டியைக் கீழே இழு. திரும்பப் பூட்டிவிடு. எழுத்துக்கு வேண்டிய ஃபொண்டை ஒரு சீடியில் போட்டு இதோடு அனுப்புகிறேன். படங்களை ஒவ்வொன்றாக இழுத்து வை.

நான் ஊர் நேரம் நாலு மணிக்கு வந்து பார்த்தேன். உன்னைக் காணவில்லை. டியூட்டி இருந்ததால் போய்விட்டேன். கமரா மேலே இருக்கிறது, ஆட்கள் திரையில் முகத்தைப் பார்த்துக் கதைப்பார்கள். அதனால் கீழே பார்ப்பது போலத்தான் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான்.

லீவு பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
றாஸிக்


கல்முனை
08.08.2009

அன்பின் மச்சானுக்கு,

உங்கட சீடி உடையாமல் வந்து சேர்ந்தது. பட்டி இறங்கிவிட்டது. எழுத்தும் வந்துவிட்டது. ஸகியா பார்த்துவிட்டு, "மாப்பிள்ள கடுதாசியிலயே கம்ப்யூட்டர் திருத்துறாரே, வீட்டுக் கூரை ஒழுகுதெண்டும் எழுதிப்போடன் புள்ள" என்றா. சிரித்தேன்.

வெள்ளிதான் சரிவரவில்லை. நீங்கள் நாலு மணிக்கு வந்ததாகச் சொல்கிறீர்கள். நானும் நாலு மணிக்கு அந்தக் கதிரையில்தான் இருந்தேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்றால் பிழை எங்கே? சுவர் மணிக்கூடும் நாலு என்றுதான் சொன்னது. அது நின்றுபோய், கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் திரும்ப வைத்தேன். சரியான நேரம் அதில்தான் இருக்கும் என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்.

மச்சான், உண்மையைச் சொல்கிறேன். சுனாமியில் கடல் வந்த அன்று நீங்கள் கொழும்பில், நானும் மகளும் வீட்டில். நான் மட்டும்தான் மிஞ்சினேன். அதைப் பற்றி நாம் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. போனில் முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் கதைக்கலாம், கதைத்தால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்றுதான் இந்த லைனுக்கு அலைந்து எடுத்தேன்.

உங்கட உம்மாவைப் போய்ப் பார்த்தேன். சுகமாக இருக்கிறா. என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை.

உங்கள்,
றாஹிலா


கல்முனை
ரமழான் பிறை 2

அன்பின் மச்சானுக்கு,

பிழை எதுவென்று கண்டுபிடித்துவிட்டேன்.

முதல் நோன்பு. சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, பாங்கு சொல்லும் வரை நேரம் இருக்கிறது என்று நம்பி மூன்று வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். பாங்கு சொன்னதும் ஸகியா வாசலில் வந்து நிற்கிறா.

"றாஹிலா, உண்ட கம்ப்யூட்டர் சுபஹ் பாங்கு சொல்லக்குள்ள கிழக்கு நல்லா வெளுத்திட்டு. நான் கையில சோத்தோட நிக்கன்."

வெளியே வந்து பார்த்தேன். ஓம், வெளுத்துத்தான் கிடந்தது. அடுத்த வளவு மீராசாஹிபு காக்கா, பாங்கை நம்பிப் பார்க்காமல் விட்ட தன் கைமணிக்கூட்டைக் கொண்டுவந்து காட்டினார். நம்மட கம்ப்யூட்டர் அரை மணி பிந்தி நிற்கிறது. சுவர் மணிக்கூடும் கூடவே பிந்தி நிற்கிறது. மூன்று வீட்டாருக்கும் அந்த நோன்பு கழா, பிறகு ஒருநாள் திரும்பப் பிடிக்க வேண்டும்.

"கட்டார் மாப்பிள்ளைக்கும் நேரத்துக்கு வரத் தெரியா, அவர்ட பாங்குக்கும் தெரியா" என்று காக்கா ஏசிவிட்டுப் போனார். எனக்கு அது ஏச்சாகவே கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் விளங்கியது. நான் நாலு என்று நினைத்து இருந்தபோது நாலரை. நீங்கள் வந்து, காத்திருந்து, போயிருக்கிறீர்கள். இவ்வளவு நாளும் நாம் அரை மணியால்தான் தவறியிருக்கிறோம்.

ஒரு நோன்புக்குப் பத்து நோன்பு பிடிக்கச் சொன்னாலும் பிடிப்பேன். இதைத் திருத்துவது எப்படி என்று உடனே எழுதுங்கள். நானாகத் தொட்டால் இன்னும் பிழைத்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

உங்கள்,
றாஹிலா


தோஹா
05.09.2009

றாஹிலாவுக்கு,

ஸலாம். நாட்டு நேரத்தை அரசாங்கம் அரை மணி பின்னுக்கு மாற்றிய வருஷம், நான் வெளிக்கிட முதல் கம்ப்யூட்டரின் நேரத்தைக் கையால் பின்னுக்கு வைத்தேன். இப்போது அப்டேட் அதே அரை மணியைத் தானும் ஒருமுறை பின்னுக்கு வைத்திருக்கிறது. இவ்வளவுதான்.

வலது மூலையில் நேரத்தின் மேல் இரண்டு தரம் அமத்து. இன்டர்நெட் நேரம் என்று ஒரு பக்கம் வரும். அதில் கட்டத்துக்குள் சரி அடித்து, கீழே உள்ள பொத்தானை அமத்து. தானாகச் சரியாகும். சுவர் மணிக்கூட்டையும் மாற்று.

பெருநாளைக்கு லீவு தரவில்லை. வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்.

றாஸிக்


கல்முனை
10.10.2009

றாஸிக் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் எழுதியபடி செய்தேன். நேரம் சரியாகிவிட்டது. மீராசாஹிபு காக்காவின் கைமணிக்கூட்டோடு வைத்துப் பார்த்தேன், ஒரு நிமிஷமும் பிசகவில்லை. மிச்ச நோன்பெல்லாம் நேரத்துக்குப் பிடித்தோம். கழாவையும் பிடித்துவிட்டேன்.

பெருநாளுக்குப் பிறகு வந்த வெள்ளி நாலு மணிக்கு இருந்தேன். உங்கட பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இருக்கிறீர்கள் என்று சந்தோஷப்பட்டு அழைத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு புள்ளி அணைந்துவிட்டது. லைன் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளியும் எரிந்தது, நான் அழைத்ததும் அணைந்தது. நேற்றும் அப்படித்தான்.

நேற்று நான் கம்ப்யூட்டரைப் பிழை சொல்லவில்லை. அதில் பிழை சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

அது பிழையாக இருந்த காலம் எனக்கு நல்ல காலம், மச்சான். நீங்கள் ஒவ்வொரு வெள்ளியும் வந்து, என்னைக் காணாமல் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு கிழமையை ஓட்டிவிடுவேன். இப்போது அப்படி நினைக்க வழியில்லை.

அங்கே உங்களோடு ஆர் இருக்கிறா என்று நான் கேட்கவில்லை. ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். என்ட முகத்தைக் கண்டால் உங்களுக்கு மகள் ஞாபகம் வருகிறது என்றால், எனக்கு அந்த முகத்தை விட்டுப் போக இடமில்லை. உங்களுக்கு இருக்கிறது. போயிருக்கிறீர்கள். அதை ஒரு வரியில் எழுதியிருந்தால் நான் இவ்வளவு பொத்தான்களை அமத்தியிருக்க மாட்டேன்.

தலாக்குக்குக் காதியாருக்கு எழுத வேண்டியதை நீங்களே எழுதுங்கள். கூப்பிட்டால் வந்து ஓம் என்பேன். மறுக்க மாட்டேன்.

நம்மட ஊர் வழக்கப்படி இது பெண்ணுக்குரிய வீடு, என்ட வீடு. இதைவிட்டுப் போகிற ஆணின் உடுப்பு அவருடைய உம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். நேற்று புள்ளி அணைந்த பிறகு, கழுவி வைத்திருந்த உங்கட சாரன், சேட்டு எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்து, ஓட்டோ பிடித்து நானே கொண்டுபோனேன். உங்கட உம்மா கதவைத் திறந்தா. ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனா. நானும் பின்னால் போனேன். அலுமாரியில் உங்களுக்கு ஒரு தட்டு ஏற்கெனவே காலியாக்கி வைத்திருந்தா.

றாஹிலா