ட்ராக் பாடியவளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தேன். சிரிக்காதே. சினிமாவுக்கு இசையமைத்தவன் என்று தெரிந்தால் போதும், இப்போதெல்லாம் சால்வை போர்த்தி நடு நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். வாய்க்கு அருகே கொண்டுபோனதும் கிராம்பு வாசனை அடித்தது. எனக்கு முன்னால் பேசிய யாரோ வாயில் கிராம்பு போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். நீ கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டுதானே மேடை ஏறுவாய். அடுத்துப் பாட வருகிறவர்கள் உன் மைக்கை வாங்கி முகம் சுளிப்பார்கள், நீ கண்டுகொள்ளவே மாட்டாய். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த மேடையில் உன்னைத் தேடிய என்னை என்ன சொல்வது?

என்ன பேசினேன் என்று நினைவில்லை. எனக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடப் பெண் நம் பாட்டைப் பாடினாள். சரணத்தின் கடைசி வரியில் மேலே போய், அங்கேயே ஒரு நொடி நின்று, வழுக்கிக்கொண்டு இறங்குமே ஒரு சங்கதி, அதைக்கூடப் பிசிறில்லாமல் பாடினாள். பக்கத்தில் இருந்த குடியிருப்புச் செயலாளர் என் காதருகே குனிந்து, "அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கு இல்ல சார்?" என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். எது ஒரிஜினல் என்று அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? எனக்கே அது இன்னும் தெளியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் உளறினால் மனசு கொஞ்சம் ஆறும்.

நாம் செங்கல்பட்டு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தபோது தொண்ணூறுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கீபோர்டு வாசிக்க வந்தவன். நீ திருக்கழுக்குன்றம் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிடுகிற வீட்டிலிருந்து பாட வந்தவள். என்றைக்காவது இசையமைப்பாளர் ஆவேன் என்று முதல் நாளே நான் பீற்றிக்கொண்டதால் அன்றைக்கே எனக்கு 'மாஸ்டரு' என்று பெயர் வைத்துவிட்டாய். குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. கேசட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மேடையிலும் வர வேண்டும், பாடகி மூச்சு வாங்கும் இடம் உட்பட. யாரும் மூச்சு வாங்கும் இடத்தை உன்னைப்போல் அச்சாகப் பிடித்ததில்லை.

கடப்பாக்கத்தில் ஒரு மாலைக் கச்சேரி. நீ பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மீனவர் மேடையில் ஏறி, திரைக்குப் பின்னால் போய்த் துழாவினார். பாட்டு முடிந்ததும் உன் எதிரே வந்து நின்றார்.

"யம்மா, டேப்பு எங்க கீது? எங்க மறைச்சி வெச்சிகினு கீறீங்க?"

"என் வயித்துல கீது அண்ணாத்த. எட்டிப் பாக்கறியா?" என்று மைக்கிலேயே கேட்டாய். கூட்டம் அடங்க வெகுநேரம் ஆனது. அந்த மனுஷன் வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கிப் போய், நிகழ்ச்சி முடிகிறவரை முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

எனக்கோ உள்ளுக்குள் எரியும். திரும்பி வரும் வண்டியில் உன்னோடு சண்டை போடுவேன். இன்னொருத்தர் குரலை நகல் எடுப்பதெல்லாம் ஒரு கலையா என்று கேட்பேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே, "இன்னா மாஸ்டரு, ஜனங்க அந்தப் பாட்டைத்தான கேக்க வந்துகீறாங்க? என்னையா கேக்க வந்தாங்க?" என்பாய். அந்த எரிச்சலில் நானே போட்ட மெட்டு ஒன்றை முனகுவேன். நீ முறுக்கை மடியில் வைத்துவிட்டு அதைத் திருப்பிப் பாடுவாய். அந்தக் குரல் மேடையில் வருகிற எந்தக் குரலும் இல்லை. கொஞ்சம் தாழ்ந்து, ஓரத்தில் லேசாகக் கரகரத்து, வயலில் யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கும். என் மெட்டு நல்ல மெட்டுதான் என்று எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தக் குரலில் கேட்டபோதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் அந்த நம்பிக்கை எனக்கு இருந்ததில்லை.

மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலில் சனிக்கிழமை மாலைகளில் வாசிக்கக் கூப்பிட்டார்கள், நினைவிருக்கிறதா? புல்தரையில் நாற்காலி போட்டு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நம் சினிமாப் பாட்டு எதுவும் தெரியாது, எதை வேண்டுமானாலும் பாடுங்கள் என்றார் மேலாளர். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மெட்டுகளை உன் குரலில் முதன்முதலாக ஆட்கள் முன்னால் பாட வைத்தேன். ஆயிரம் பேர் கூட்டத்தில் அசராமல் நிற்கிறவள், அந்த இருபது முப்பது பேர் முன்னால் வெடவெடவென்று நடுங்கினாய். இரண்டாவது பாட்டில் வரியே மறந்துபோய், லாலா போட்டுச் சமாளித்தாய். முடிந்ததும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கைப்பிடி இல்லாத படியில எறங்கற மாதிரி கீதுப்பா. அடுத்த வாரம் கேசட்டு பாட்டே பாடறேன்" என்றாய். அடுத்த வாரம் அப்படியே செய்தாய். உன் குரலுக்கு நீயே பயப்படுகிறாய் என்று அன்று முடிவு கட்டினேன். அது சரியான முடிவுதானா என்று பிற்பாடு சந்தேகம் வந்தது.

பிறகு நான் சென்னைக்குப் போனேன். யார் யாரிடமோ உதவியாளனாக இருந்து, இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு வழியாக எனக்கென்று ஒரு படம் கிடைத்தது. அதற்குள் நீ சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் குடித்தனம் வைத்திருந்தாய். உன் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நீ ரயிலேறி சென்னைக்கு வந்து ட்ராக் பாடிவிட்டுப் போவாய். பெரிய பாடகி வருவதற்கு முன்னால் பாட்டை ஒருமுறை பாடி வைப்பதுதான் ட்ராக். அதைக் கேட்டுத்தான் அவர் பாட்டைக் கற்றுக்கொள்வார். அவர் பாடியதும் அது அழிந்துவிடும். அவர் எப்படிப் பாடுவாரோ அதே பாணியில் பாடி வைக்க வேண்டும் என்பது எழுதாத விதி. அந்த வேலைக்கு உன்னைவிட்டால் ஆள் ஏது?

என் முதல் பாட்டுக்கும் நீதான் ட்ராக் பாடினாய். இயக்குநர் வந்து கேட்டார். இரண்டு முறை கேட்டார். "இதுவே பிரமாதமா இருக்கே. எதுக்கு இன்னொருத்தர்? இந்தப் பொண்ணு பேரையே போட்டு விட்டுடலாம்" என்றார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. வெளியே ஓடி வந்தேன். வராந்தாவில் எலுமிச்சை சோறு தின்றுகொண்டிருந்தாய். அன்று விடுமுறை என்பதால் உன் வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும் நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"எது? இப்ப பாடனதா?"

"அதேதான்."

"அது நான் இல்லப்பா. அவங்க எப்டிப் பாடுவாங்கன்னு பாடிக் காட்னேன். என் பேரப் போட்டு அவங்க கொரல வுடுவாங்களாமா? இன்னொரு தபா குடு, நான் பாடறேன்."

உள்ளே போய்ச் சொன்னேன். இயக்குநர் நல்ல மனுஷன், ஒத்துக்கொண்டார். நீ கைகழுவிவிட்டு வந்து பாடினாய். வண்டியில் கேட்ட அதே குரல். இயக்குநர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்னாடி பாடினதுதான் எனக்கு வேணும்" என்றார்.

"அப்ப அவங்களையே கூப்டு பாட வைங்க சார்," என்றாய். கோபமே இல்லை. கடைக்கு வந்தவரிடம் இன்னொரு கடையைக் காட்டிவிடுவதுபோல் சொன்னாய்.

வராந்தாவில் உன்னைக் கெஞ்சினேன். பேர் வெளியே வரட்டும், அடுத்த பாட்டிலிருந்து உன் குரலிலேயே பாடலாம் என்றேன். உன் வீட்டுக்காரர்கூட, "ஒத்துகினு போயேம்மே, இன்னா கெட்டுப் போச்சி?" என்றார். நீ டிபன் டப்பாவை அலம்பி, துடைத்து, பைக்குள் வைத்தாய். "ரயிலுக்கு நேரமாச்சி மாஸ்டரு" என்று கிளம்பிவிட்டாய். எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

சில நாள் கழித்து அந்தப் பெரிய பாடகி வந்தார். உன் ட்ராக்கை ஹெட்போனில் கேட்டுவிட்டு, "யாரு பாடினது? நல்லா இருக்கே. இந்தச் சங்கதி நான் யோசிக்காதது" என்றார். நீ இறங்கிய அந்த வழுக்கலை அப்படியே எடுத்துக்கொண்டார். பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. எனக்கு வாழ்க்கை பிறந்தது.

சரி, நீ நேர்மைக்காரி, அடுத்தவர் குரலைத் தன் பேரில் விற்க மாட்டாய் என்று நானாகவே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லிக்கொண்டு கொஞ்ச காலம் நிம்மதியாகவும் இருந்தேன். அப்புறம் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வந்தேன். மேடையில் நீ. அதே பாட்டை அந்தப் பாடகியின் குரலில் பாடிக்கொண்டிருந்தாய். "அச்சு அசலா இருக்கு!" என்று கைதட்டினார்கள், நீ கைகூப்பிச் சிரித்தாய். அவரைப்போல் நீ பாடி, நீ பாடியதைக் கேட்டு அவர் பாடி, அவர் பாடியதைப்போல் மறுபடியும் நீ பாடி... எனக்குத் தலை சுற்றியது. பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "மேடையில பாடறது யாரு பாட்டுன்னு எல்லாருக்கும் தெரியும்யா. அதுல இன்னா தப்பு?" என்று பாயசத்தை இலையில் வழித்தாய். அதுவும் சரியாகத்தான் பட்டது.

அதற்கும் வேட்டு வைத்தாய். திருக்கழுக்குன்றத்தில் ஒரு பணக்கார வீட்டு மருமகள் அம்மன் பாட்டுக் கேசட் போட்டார். அவருக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. எட்டாத வரிகளையெல்லாம் அவர் குரல் மாதிரியே நீ பாடிக் கொடுத்தாய் என்று நம் பழைய குழுவில் ஒருவர் சொன்னார். அட்டையில் அந்த அம்மாள் பேர் மட்டும்தான். நான் போன் போட்டு, "இது மட்டும் எப்படி? கேக்கறவங்களுக்கு இது தெரியுமா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"இன்னா பண்றது மாஸ்டரு, மைக்கு முன்னாடி நின்னுகினு அந்தப் பொண்ணு தேம்பித் தேம்பி அழுவுது. பாவமா இருந்துச்சி."

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நீ நேர்மைக்காரியா, வீம்புக்காரியா, பயந்தவளா, இரக்கப்பட்டவளா? ஒன்றைச் சரி என்று பிடித்தால் இன்னொன்று கையைவிட்டுப் போகிறது. இது எனக்கு விளையாட்டு இல்லை. இன்றைக்கும் ஒரு தயாரிப்பாளர் சி.டி.யைக் கொண்டுவந்து, "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்கிறார். ஒரு நாள் முடியாது என்கிறேன், மறுநாள் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு நாளும் நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்துத்தான் செய்கிறேன். நீ இப்படியும் செய்திருக்கிறாய், அப்படியும் செய்திருக்கிறாய் என்பதால் எனக்கு வேண்டிய பதிலை நானே எடுத்துக்கொள்ள முடிகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஊரெல்லாம் என்னை வளைந்துகொடுக்காத இசையமைப்பாளர் என்று எழுதும்போது கூசுகிறது.

கடைசியாக உன்னைப் பார்த்தது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். நான் கொண்டுவந்த சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, கேட்கக் கூடாது கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன் வேணாம்னு சொன்ன?"

"இன்னும் அதையே புட்சிகினு கீறியா?" என்று சிரித்தாய். இருமல் வந்தது. அடங்கியதும் சொன்னாய். "எனக்கே தெரியல மாஸ்டரு. பாடனத போட்டுக் காட்னாங்கல்ல? நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா எங்க வூட்டுக்காரரு கேட்டா நான்னு கண்டுபுடிச்சிருக்க மாட்டாரு. அது ஒரு மாதிரியா ஆயிடுச்சி. அவ்ளோதான். அது சரியா தப்பா? நீதான் படிச்சவன், நீ சொல்லு."

நான் சுளையைப் பிய்த்துக் கொடுத்தேன்.

நீ போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ட்ராக் பாட யார் வந்தாலும், பாடி முடித்ததும் அனுப்பிவிடுவதில்லை. "இப்ப உங்க மாதிரி ஒரு தடவை பாடிட்டுப் போங்க" என்கிறேன். அந்தப் பாட்டு எந்தப் படத்திலும் வராது, யாரும் கேட்கப் போவதில்லை. எதற்கு வீண் வேலை என்று என் சவுண்டு இன்ஜினியர் முணுமுணுக்கிறார்.

நேற்று மதுராந்தகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல குரல். பெரிய பாடகி எப்படிப் பாடுவாரோ அப்படியே, மூச்சு வாங்கும் இடம் உட்படப் பாடினாள். வழக்கம்போல் கேட்டேன். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பாடும் அறையின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"என் மாதிரின்னா எப்படி சார்?"

அவள் அறை ஸ்பீக்கரில் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினேன். "எனக்கும் தெரியலம்மா. அவசரம் இல்ல, மெதுவா பாடுங்க" என்றேன். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைத் திறக்காமல் ரொம்ப நேரம் நின்றாள். இன்ஜினியர் ரெக்கார்டிங்கை நிறுத்தவா என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஓடட்டும் என்று கைகாட்டினேன்.