பூமயில் எடுத்த பேய்ப்படம்

நிலவுத் தளம், சமையலறைப் பதிவு
மார்ச் 4, காலை 6.10
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. இட்லி மாவு இன்றும் புளிக்கவில்லை, அதனால் உப்புமா. எழுதுவது சீனியம்மாள், சமையல். பிற்பாடு யார் படித்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே பனி தோண்டும் இயந்திரத்தை ஓட்டுகிற பூமயில் என் மகள் வயிற்றுப் பேத்தி.

மார்ச் 9, மாலை
பேத்தி பேய்ப்படம் எடுக்கிறாள். அறை அறையாக ஒளிந்து பார்த்துக் கொல்கிறவன் கதை. அவன் முகமே வராது. கேமராதான் அவன் கண். செலவு கிடையாது, ரத்தத்துக்கு என் பீட்ரூட் தூள். எடுக்க எடுக்கக் காட்சிகள் விருதுநகர் சிநேகிதிக்குத் தானாகப் போய்விடும். அவள்தான் வெட்டி ஒட்டுவது. கேமரா என் பொறுப்பு.

மெக்கானிக் தங்கபாண்டி சிரித்தார். "பெரியம்மாவக் கேமராமேன் ஆக்கிட்டியா? சாம்பாரையே கை ஆடாம ஊத்த மாட்டாகளே."

அவருக்கு மட்டும் அப்பளம் வைக்கவில்லை.

மார்ச் 12, காலை 10.40
கடைசிக் காட்சி. வெளிக்கதவு அறைக்குள் அவள் மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அறையில் காற்று நிரப்புகிற பொத்தான் என் கைக்குப் பக்கத்தில். மைக்கை அணைத்துவிட்டாள், குரலை அப்புறம் டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்களாம்.

"அம்மாச்சி, நான் என்ன செஞ்சாலும் அசையாத. கொலைகாரன் அசைய மாட்டான்."

மார்ச் 12, மதியம்
அசையவில்லை.
கண்ணாடியை அடித்தாள். மூக்கில் ரத்தம். என் பீட்ரூட் என்று நினைத்தேன். என்னமாய் நடிக்கிறாள் என்று பெருமையாக நின்று பார்த்தேன்.
வெளிக்கதவு ரப்பர் விட்டுப்போய், அறைக் காற்றெல்லாம் வெளியே போயிருக்கிறது. தங்கபாண்டி ஓடிவந்துதான் பொத்தானை அமுக்கினார். காற்று நிரம்பியது. அவள் எழவில்லை.

மார்ச் 13
அடுப்பைப் போடவில்லை. அழுத்தம் பார்க்கவில்லை.
பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவள் உதடு "அம்மாச்சி" என்கிறது. திரும்பத் திரும்ப. அந்தக் கதையில் அம்மாச்சி என்று யாரும் கிடையாது.

மார்ச் 14
அழித்துவிடட்டுமா என்று தங்கபாண்டி கேட்டார். வேண்டாம் என்றேன். பிள்ளை அசைவது இனி அதில் மட்டும்தான்.

விருதுநகரிலிருந்து செய்தி. அந்தப் பெண்ணுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
"பூமயிலு, கடைசி சீன் பாத்தேன்டி. ஒடம்பெல்லாம் நடுங்கிருச்சு. கொலைகாரனா நின்னது யாரு? கொஞ்சங்கூட அசையலையே. பேரு அனுப்பு, படத்துல போடணும்."

சீனியம்மாள் என்று அனுப்பினேன்.