தாழ்ப்பாள் இல்லாத வீடு

ஜூன் 3, செவ்வாய்

எழுத்து கற்றுக்கொண்டு நான்கு மாதம் ஆகிறது. எழுபத்தோரு வயதில் ஒரு பெரிய விஷயம் தெரிந்துகொண்டேன். காகிதத்தில் திட்டினால் யாரும் திருப்பித் திட்டுவதில்லை. ஆகா! நாற்பத்தைந்து வருடம் அடுத்தவர் கதவுக்குப் பூட்டு மாட்டியே பிழைத்தேன். எத்தனை பேரிடம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பேன்! இப்போது ஒவ்வொருவராக வாருங்கள்.

முதலில் என் மைத்துனன். வாய்க்கு ருசியாகத் தின்றுவிட்டு வாய் கூசாமல் குறை சொல்கிற ஜென்மம். இன்று அவன் எங்கள் குளியலறையில் இருக்கும்போது பக்கத்து வீட்டம்மா கை கழுவ வந்து கதவைத் தள்ளிவிட்டாள். இரண்டு பேரும் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"இது வீடா, சத்திரமா? பூட்டுக்காரன் வீட்டுல ஒரு தாழ்ப்பா கிடையாதா?" துண்டைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"பாடிக்கிட்டே குளிங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன், மாப்ள" என்றேன்.

எங்கள் வீட்டுச் சட்டம் அது. உள்ளே இருப்பவர் பாட வேண்டும். பாட்டு வராவிட்டால் இரும வேண்டும். சத்தம் நின்றால் நான் வந்துவிடுவேன்.

ஜூன் 4

காரணத்தை நேற்று எழுதவில்லை. கை வரவில்லை.

பெரியவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டு இரண்டு வருடம். அவன் அறைத் தாழ்ப்பாளை மாட்டியது நான். "நல்லா கெட்டியா போடுங்கப்பா" என்றான். கெட்டியாகத்தான் போட்டேன். அன்றைக்கு வெளியே நின்று அதை உடைக்க நான் பட்ட —

போதும்.

மறுவாரமே வீட்டிலிருந்த மற்ற பதினோரு தாழ்ப்பாளையும் கழற்றினேன். இன்னொரு பிள்ளை மிச்சம் இருக்கிறாளே.

ஜூன் 7, சனி

வீட்டுக்காரி என்னை இழுத்துக்கொண்டு போனாள். இப்படி ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தார் நூலகத்து மாடியில் கூடுகிறார்களாம். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. காற்றைத் தவிர மற்றதெல்லாம் தருகிற ஒரு மின்விசிறி. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் கணவரும் அப்படிப் போனவர்தான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். தலையாட்டி அம்மா என்று பேர் வைத்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு கறிக்கடைக்காரர். மனைவியை இழந்தவர். "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்று கேட்டார். "ஜோரா இருக்கேன், கூத்து பாக்க வந்தேன்" என்றேன். அந்த ஆள் சிரிக்கிறார்! இங்கே கோபப்படக்கூட ஒருத்தரும் லாயக்கில்லை.

ஜூன் 9

சின்னவள் குண்டைப் போட்டாள். முப்பத்துநாலு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒண்ணாம் தேதி தனியாக ஒரு அறைக்குப் போகிறாளாம். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டதாம்.

"இங்க என்ன குறை உனக்கு?"

"போன் பேசினா வந்து நிக்கறீங்க. துணி மாத்தினா வெளிய நின்னு 'என்னம்மா, சத்தத்தக் காணோம்'னு கேக்கறீங்க. இது வீடில்லப்பா, லாக்கப்பு."

"லாக்கப்புல தாழ்ப்பா இருக்கும்டி."

கையிலிருந்த தம்ளரைச் சுவரில் எறிந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, "உங்க வாய்க்குத்தான் முதல்ல ஒரு பூட்டு போடணும்" என்றாள். நல்ல வசனம். அதனால்தான் எழுதி வைக்கிறேன், அவளுக்காக இல்லை.

ஜூன் 14, சனி

மறுபடி நூலக மாடி. இன்று நான் சும்மா இருக்கவில்லை. ஒருவனைக் காப்பாற்ற முடியாதவன் இன்னொருத்தியைக் காப்பாற்றுகிறேன், அது தப்பா என்று கேட்டேன். மேசையைத் தட்டித்தான் கேட்டேன்.

தலையாட்டி அம்மா தலையாட்டவில்லை. "ஐயா, உங்க பொண்ணுக்கு அந்த நினைப்பு இருக்கான்னு அவங்ககிட்ட கேட்டிருக்கீங்களா?"

"பைத்தியமா உங்களுக்கு? கேட்டா நானே எடுத்துக்குடுத்த மாதிரி ஆகாதா?"

"ஆகாது. கேக்கறதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வராது. வெளிப்படையாவே கேக்கலாம், அந்த வார்த்தையச் சொல்லியே."

"உங்க வேலையப் பாருங்க" என்று எழுந்துவிட்டேன். படியில் கறிக்கடைக்காரர் பின்னாலேயே வந்தார்.

"நானும் கேக்கல அண்ணே. அவ கதவு திறந்துதான் இருந்துச்சு. எங்க வீட்டுல எந்தக் கதவும் சாத்தவே மாட்டோம்."

அவரையும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு படி இறங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அழகாகக் கேட்கவில்லை. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று, போலீஸ்காரன் மாதிரி, "உனக்கு சாகணும்னு தோணுதா? ஆமான்னு சொல்லு, இல்லன்னு சொல்லு" என்றேன்.

குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"போன வருஷம் ரெண்டு தடவ தோணுச்சு. இப்ப இல்ல."

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா ஜன்னலையும் கழட்டுவீங்க." பிறகுதான் திரும்பினாள். "டாக்டர்கிட்ட போறேன்ப்பா. எட்டு மாசமா. மாத்திரை கடை மேசையில இருக்கு. வீட்டுல வச்சா நீங்க எண்ணுவீங்க. அண்ணனுக்கு நானும் அழணும் இல்லையா? அழறதுக்கு ஒரு கதவு வேணும். ரெண்டு வருஷமா பஸ் ஸ்டாப்புல நின்னு அழறேன். கண்ணுல தூசின்னு எத்தனை பேர்கிட்டதான் சொல்றது?"

நான் காவல் காத்தேன். எதை? அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறாள், நான் குளியலறை வாசலில் நின்றிருக்கிறேன்.

ஜூன் 16

எழுத ஒன்றுமில்லை. பேனா எடுத்ததற்கு ஒரு வரி.

ஜூன் 18

பழைய டப்பாவைத் தேடி எடுத்துப் பதினோரு தாழ்ப்பாளையும் திரும்ப மாட்டினேன். இனிமேல் போகமாட்டாள் என்று நினைத்தேன். வந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கு. அம்மா இனிமே நிம்மதியா குளிப்பாங்க. நான் போறது போறதுதான்."

அழுத்தக்காரி! யாரைக் கொண்டு பிறந்தாள் என்று கேட்டேன். வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாளே ஒரு பார்வை.

ஜூலை 1, செவ்வாய்

போய்விட்டாள். மூன்றாம் மாடி, ஒற்றை ஜன்னல், எதிரே ஒரு சலவைக் கடையின் மொட்டை மாடி. கதவில் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தேன். தகர டப்பா மூடிகூட அதைவிடக் கெட்டி. மாட்டினவன் கையை முறிக்க வேண்டும்.

"நான் வேற போடறேன். ஆனா எது போடறேன்னு சொல்லிட்டுத்தான் போடுவேன்" என்றேன். குளியலறைக் கதவுகளுக்குப் போடுகிற வகை. உள்ளே திருகினால் மூடும். வெளியே ஒரு சின்ன வெட்டு இருக்கும். திருப்புளியை விட்டுத் திருப்பினால் திறந்துவிடும்.

அதை வாங்கித் திருகிப் பார்த்தாள். "திருப்புளி உங்ககிட்ட இருக்கட்டும். ஆனா நான் கூப்பிடாம வரக்கூடாது. மோசமா இருந்தா நானே கூப்பிடறேன். வந்து உக்காருங்க. துருவாதீங்க." டாக்டரின் நம்பரையும் தந்தாள். நானே எழுதிக்கொண்டேன்.

மாட்டி முடித்ததும் என்னை உள்ளே விட்டு மூடச் சொன்னாள். வெளியிலிருந்து அவளே திறந்து பார்த்தாள். மூன்று நொடிகூட ஆகவில்லை.

மூன்று நொடி.

"உங்கண்ணன் கதவுக்கும் இதயே போட்டிருக்கலாம். ரூமுக்கு இது அழகா இருக்காதுன்னு நெனச்சேன். அழகு பாத்தேன்டி நான்" என்றேன். மரத்தூளெல்லாம் என் மடியில்.

உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, கீழே உட்கார்ந்து தூளைத் தட்டிவிட்டாள். "இது இருந்திருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு நமக்குத் தெரியாதுப்பா. தெரியவே தெரியாது." அப்புறம், "அழுதா அழுங்க. கதவு மூடித்தான் இருக்கு" என்றாள்.

ஜூலை 5, சனி

தலையாட்டி அம்மாவிடம், நான் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினார். இன்று அது எரிச்சலாக இல்லை. கொஞ்சம்தான் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 9

எட்டு நாளாகப் போன் இல்லை. நான் போகவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பினேன், அது கணக்கில் வராது.

ஜூலை 13, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போன். "அப்பா, இன்னைக்கு சரியில்ல. வர்றீங்களா?"

மூன்று மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. பையில் திருப்புளியைப் பிடித்துக்கொண்டே தட்டினேன். உள்ளே செருப்புச் சத்தம். தாழ்ப்பாள் திரும்பியது. அவளே திறந்தாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது.

"டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். நாளைக்கு வரச் சொன்னாங்க. ஒண்ணும் கேக்காதீங்க."

"நான் எங்கடி கேட்டேன்?"

என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் திருகினாள். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தோம்.