உன் போட்டோ சிறுத்துக்கிட்டே போவுது, வேதா

என் வேதவல்லிக்கு,

வேதான்னு கூப்புட்டுத்தான் எனக்குப் பழக்கம். ஆனா இத ஊரும் படிக்கப் போவுது. அதனால ஒரு தடவையாவது முழுப் பேரையும் மரியாதையா எழுதிட்டேன். எம்.பி. அம்மாவ இந்த ஆளு இப்படிக் கூப்புடுறானேன்னு யாரும் கோச்சிக்கக் கூடாது பாரு.

நீ டெல்லியில நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போயி திரும்பி வராமப் போனதுல இருந்து நம்ம வூட்டுக்கு ஆளு வர்றது ஓயல. மொதல்ல அழுவ வந்தாங்க. இப்ப வேற வேலையா வர்றாங்க. உன் எடம் காலியாயிடுச்சி, இடைத்தேர்தல் வருது, அதுல நான் நிக்கணுமாம். ஆமா, நானேதான்! சிரிக்காத.

நம்ம ஊரு பாலக்கரை முக்குல போயி நின்னு பாத்தா உனக்கே புரியும். நீ போன அன்னிக்கு வச்ச ஃப்ளெக்ஸுல ஆள் உசரத்துக்கு நீ மட்டும்தான் இருந்த. காரியம் முடிஞ்சதும் வச்சதுல பாதி நீ, பாதி நான். என்னை ஒரு வார்த்தை கேக்கல, நம்ம பொண்ணு கல்யாணத்துல எடுத்த போட்டோவ எங்கயோ புடிச்சிப் போட்டுட்டாங்க. இப்ப புதுசா ஒண்ணு வச்சிருக்காங்க. அதுல நான் மாடி உசரத்துக்குக் கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு நிக்கிறேன். அந்தக் கை கூட என்னுது இல்ல, எவன் கையையோ வெட்டி ஒட்டியிருக்கான். நீ மூலையில, பாஸ்போர்ட் சைஸுல இருக்க. இன்னும் ஒண்ணு வச்சா அதுல நீ இருக்க மாட்ட. அதப் பாத்துட்டு எனக்கு வந்த கோவம் இருக்கே, நம்ம பீங்கான் ஷெட்டுல சூளை கிட்ட நின்னப்ப அந்தச் சூடு கூட எனக்கு ஒறைக்கல.

கட்சியோட மாவட்டச் செயலாளர் வந்தாரு. காபிய ஆத்திக்கிட்டே சொல்றாரு: "அண்ணே, நீங்க பேசவே வேணாம். அண்ணி படத்த நெஞ்சோட புடிச்சிக்கிட்டு வேன்ல நில்லுங்க. சனம் தானா அழுவும், தானா ஓட்டு போடும்."

"சரிங்க, ஜெயிச்சி டெல்லிக்குப் போனா?"ன்னு கேட்டேன்.

"அங்கயும் பேசத் தேவையில்லண்ணே. உக்காந்து எழுந்து வந்தாப் போதும்."

நீ அங்க எதுக்குத் தொண்டையக் கிழிச்சிக்கிட்டன்னு இந்த மனுஷனுக்குத் தெரியுமா வேதா? கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நெலம் எடுத்தா நோட்டீசு ஆம்பள பேருக்கு வருது, பணம் ஆம்பள கைக்குப் போவுது, வேலைன்னு ஒண்ணு குடுத்தா அதுவும் ஆம்பளப் புள்ளைக்கு. அந்த நெலத்துல நாத்து நட்டு களை பறிச்சவளுக்கு என்னான்னு நீ கேட்ட. ஒரு வாட்டி கேட்டுட்டு உக்காந்திருந்தா உன்னை எல்லாருக்கும் புடிச்சிருக்கும். நீதான் வுடலையே.

ஒரு நாளு நீ அதப் பேசுறத டீக்கடை டிவியில பாத்தோம், நானும் நம்ம ஷெட்டு ஆளுங்களும். நேரம் முடிஞ்சிதுன்னு மைக்க நிறுத்திட்டாங்க. நீ நிறுத்தல. வாய் அசையுது, சத்தம் வரல. "அம்மா என்னா சொல்றாங்க?"ன்னு பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிற அலமேலு கேட்டா. கெளம்புறதுக்கு முன்னாடி சமையல்கட்டுல என்னைத் தோசை சுட வச்சி, திருப்பித் திருப்பிப் பேசிப் பாத்தியே, எனக்கு எல்லாம் மனப்பாடம். டிவி பக்கத்துல நின்னு மிச்சத்த நான் சொல்லி முடிச்சேன். கடையே கை தட்டுச்சி.

அத நெனச்சிக்கிட்டுத்தான் நானும் உன்ன மாதிரி பேசுவேன்னு சில பேரு நம்புறாங்க. எனக்கு ஒப்பிக்கத் தெரியும், அவ்ளோதான். எதுத்தாப்புல ஒருத்தன் எழுந்து குறுக்குக் கேள்வி போட்டா திருதிருன்னு முழிப்பேன்.

முழிக்காத ஆளு ஒண்ணு இருக்குது. கம்மாபுரத்து செல்வராணி. ஒன்றியக் கவுன்சிலரு. நெலத்தக் குடுத்துட்டு நிக்கிற குடும்பம். ஸ்கூட்டியில ஊர் ஊராப் போயி பொம்பளைங்களச் சேத்து உன் முன்னாடி கொண்டாந்து நிறுத்துனவ. எனக்கு அப்புறம் இவதான்னு கட்சிக் கூட்டத்துலயே நீ சொன்ன. இப்ப கேட்டா, "அவளுக்கு என்னாண்ணே பின்னணி இருக்குது?"ங்கிறாங்க. உனக்கு என்ன பெரிய பின்னணி இருந்துச்சி? பீங்கான்ல கரண்டு பீஸ் கட்டை செய்யிற ஷெட்டும் நானும்தான்.

நான் நின்னா என்னான்னு செல்வராணியையே கூப்புட்டுக் கேட்டேன். "நீங்க நின்னா நான் ஓட்டு கேக்க வரேன் மாமா. அக்காவுக்காக வருவேன். ஆனா எங்க நெலத்துக்காக அங்க எழுந்து நிப்பீங்களா?"ன்னா. நிப்பேன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

போன ஞாயித்துக்கிழம உன் படத்திறப்பு. "அண்ணியோட கடைசி ஆசைய அண்ணனே சொல்லுவாரு"ன்னு மைக்குல அறிவிச்சிட்டாங்க. நான்தான் நிக்கணும்கிறது உன் ஆசைன்னு சொல்லச் சொல்லி முன்னாடியே காதுல ஓதி வச்சிருந்தாங்க. பொய்ய மட்டும் சொல்லிடாதடான்னு என்னையே அதட்டிக்கிட்டு எழுந்தேன்.

"என் பொண்டாட்டி கடைசியா எங்கிட்ட போன்ல கேட்டது, மாத்திரை போட்டீங்களான்னுதான். ஆசை கீசைன்னு எதுவும் சொல்லிட்டுப் போவல. போவப் போறோம்னு அவளுக்கே தெரியாது. ஆனா அவ வேலைய யாரு செய்யணும்னு நல்லா இருக்கப்பவே சொல்லியிருக்கா. நான் நிக்கல. செல்வராணிய நிறுத்துங்க"ன்னு சொன்னேன். கீழ உக்காந்திருந்த பொம்பளைங்க எழுந்து நின்னாங்க. மேடையில இருந்தவங்க செல்போன எடுத்து நோண்ட ஆரம்பிச்சிட்டாங்க.

அப்புறம் என்ன? சீட்டு திட்டக்குடி பக்கத்து கான்ட்ராக்டர் ஒருத்தருக்குப் போயிடுச்சி. நம்ம பொண்ணு போன்ல, "கைக்கு வந்தத இப்படித் தட்டி வுட்டுட்டீங்களேப்பா, அம்மா பேரு அங்க இருந்திருக்குமே"ன்னு சண்டை போட்டா. தப்பு பண்ணிட்டேனா வேதா? நீ இருந்தா என்ன சொல்லுவ?

நீ பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்க நேரமில்ல. செல்வராணி சுயேச்சையா நிக்கிறா. நாளைக்கு வேட்பு மனு. சுயேச்சைன்னா பத்து பேரு முன்மொழியணுமாம். கருவேப்பிலங்குறிச்சியில இருந்து பொம்பளைங்க பஸ்ஸு புடிச்சி வர்றாங்க, அலமேலுவும் வரா. மொதல் கையெழுத்து என்னுது. பிரசாரம் முடியிற வரைக்கும் ஷெட்ட அலமேலு புருஷன் பாத்துக்குவான், நான் செல்வராணி கூட தெருத்தெருவாப் போறேன். டெபாசிட்டே போனாலும் போவட்டும். தேர்தல் முடிஞ்ச மறுநாளும் அந்தப் பொம்பளைங்களோட நெலத்துக்காக நாங்க ரெண்டு பேரும் சுரங்க ஆபீசு வாசல்ல போயி உக்காருவோம்.

ஒண்ணு மட்டும் உனக்குச் சத்தியமாச் சொல்றேன். உன் படத்த நெஞ்சுல புடிச்சிக்கிட்டு ஒரு ஓட்டு கேக்க மாட்டேன். ஒரு வார்த்தைய நான் இது வரைக்கும் நம்ம வூட்டுக்குள்ள சொன்னது இல்ல, இந்த லெட்டர்லயும் எழுதல. எவளாவது ஒருத்தி கண்ணத் தொடச்சிக்கிட்டு, "எம்.பி. அம்மாவுக்காகத்தான் போடுறேன் அய்யா"ன்னா, அந்த வார்த்தைய அங்க சொல்லுவேன்: "அவ செத்துட்டாம்மா. இவளுக்குப் போடு." சொல்றப்ப எனக்கு அழுவ வரும். வந்தா வரட்டும். அழுதுகிட்டே அடுத்த வூட்டுக் கதவத் தட்டுவேன்.

என்னிக்கும் உன் வூட்டுக்காரன்,
தணிகாசலம்