பகலில் அணைத்த டவர்

அன்பு மகள் லுசுங்குவுக்கு, ஏரிக்கரையிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, முழங்கால் மட்டும் மழைக்காலம் முழுக்கப் படுத்தியது, இப்போது தேவலை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் என் ஜெபம். ஜோகன்னஸ்பர்க் பஸ்ஸில் வரும் லோங்வேயின் மனைவியிடம் இந்தக் கடிதத்தோடு உசிப்பா கருவாடும் மரவள்ளி மாவும் கொடுத்தனுப்புகிறேன், கருவாட்டை வாங்கினதும் ஒரு வெயில் காட்டிவிடு. உன் தம்பி வேசி கூரைக்குத் தகரம் மாற்றிவிட்டான், இனி ஒழுகாது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீயும் அம்மா மீட்டிங் இருக்கு அப்புறம் பேசறேன் என்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

பக்கத்து வீட்டு டோவேரா செத்துப்போனது உனக்குத் தெரியும், சவப்பெட்டிச் செலவுக்குப் பணமும் அனுப்பினாய், நல்ல மனசு. ஆனால் அன்றைக்கு மழையில் போன் டவர் பழுதாகிவிட்டது என்று உன் கம்பெனி ஆபீஸ்காரர்கள் உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நீயும் அதையே என்னிடம் சொன்னாய். அன்றைக்கு மழையே இல்லை மகளே. நல்ல வெயில், ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. அவளுக்கு நாள் இருக்கும்போதே திடீரென்று பிரசவ வலி கண்டுவிட்டது, புருஷன் சிர்வா மீன் பிடிக்கப் படகில் போயிருந்தான், நான்தான் கூட இருந்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால் சிக்னல் கோடே இல்லை. மாமரத்து மேட்டுக்கு ஓடினேன், சர்ச் வாசலுக்கு ஓடினேன், எங்கேயும் இல்லை. நான் திரும்பி வரும்போதெல்லாம் அவள் கண்ணைத் திறந்து, அம்மா சிக்னல் வந்துச்சா, அம்மா சிக்னல் வந்துச்சா என்று அதையே கேட்டாள். மோட்டார் சைக்கிள்காரனை நேரில் அனுப்பி வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு போன் போட்டிருந்தா அப்பவே கிளம்பியிருப்பேனேம்மா என்றான்.

டவர் காவல்காரர் ம்ஹோனேவிடம் நான்தான் போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், பழுதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, டீசல் மிச்சம் பிடிக்க வெயில் ஏறினா அணைச்சுட்டு சாயங்காலம் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு, வருமானம் இல்லாத டவருக்கெல்லாம் அப்படித்தான், நம்ம லுசுங்குதானே மேலிடம், உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன் என்றார். டோவேரா சாவதற்கு முந்தின மாதம்தான் ரேடியோவில் நீ பேசினாய், சம்பாதிக்காத டவர்களில் எரிகிற டீசலை வளர்கிற ஊர்களுக்குத் திருப்பினோம், அதனால்தான் செசானி கம்பெனி இவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று. எங்கள் வீட்டில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியவள் டோவேராதான், அந்த வயிற்றோடு எழுந்து நின்று, எங்க அக்கா பேசறா பாரு என்று ஒரு ஆட்டம்கூடப் போட்டாள். போனில் பணம் அனுப்புவது என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் நீ முதன்முதலில் மஞ்சள் மேல்சட்டை போட்டுவிட்ட ஏஜென்ட் அவள். அந்தச் சட்டை இன்னும் அவர்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிறது, சிர்வா எடுக்கவில்லை, காற்றில் அது உப்பும்போது தோள் வைத்த மாதிரி இருக்கிறது, நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அவள் போனபிறகு டவர் நாள் முழுக்க ஓடுகிறது, யார் சொல்லி என்று தெரியாது. அது ஓட ஆரம்பித்ததிலிருந்து இன்னொன்று ஆரம்பித்தது. சிர்வா ஏரிக்குப் போனதும் பூட்டின வீட்டுக்குள் அவள் போன் அடிக்கும். அடித்து ஓய்ந்து மறுபடி அடிக்கும். குழந்தை என்னிடம்தான் இருக்கிறது, அந்தச் சத்தம் கேட்டால் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பும். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கோழிக்குத் தீனி போட அவன் கொடுத்திருந்த சாவியால் ஒருநாள் திறந்து உள்ளே போனேன். ஜன்னலில் சோலார் தட்டு, அதில் சார்ஜ் ஏறிக்கொண்டு அவள் போன், அதில் அவன் பேர். எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் துடுப்புச் சத்தம், அப்புறம் அவன் குரல், கரைக்கு வந்துக்கிட்டிருக்கேன், உலைய வச்சிடு என்றது. சும்மா எப்போதும் சொல்கிற மாதிரி. நான் என்னை அறியாமல் சரி என்றுவிட்டேன். துடுப்புச் சத்தம் நின்றது. பிறகு, நீங்களாம்மா என்றான். ஆமாம்பா என்றேன். அன்னைக்கு அடிக்காத போன் இன்னைக்கு அடிக்குதான்னு பார்க்கறேம்மா, வேற ஒண்ணுமில்ல, நீங்க பயப்படாதீங்க என்றான். இன்றைக்கும் அடிக்கிறது.

போன வாரம் உன் லிலோங்வே ஆபீஸிலிருந்து கோண்ட்வே என்று ஒருவர் வந்தார், வளர்ச்சித் திட்டம் பார்க்கிறவராம், இஸ்திரி கலையாத சட்டை. புதிதாக ஏஜென்ட் சேர்க்கிற விளம்பரத்தில் டோவேராவின் படத்தைப் போட வேண்டும், கிராமத்துப் பெண் கம்பெனியோடு உயர்ந்த கதை என்று சிர்வாவிடம் கேட்டார். சிர்வா வலையைத் தைத்துக்கொண்டே, தாராளமாப் போடுங்க சார், அவளுக்குப் படம்னா ஆசைதான், கீழயே டவரை எப்ப அணைச்சீங்க எப்பப் போட்டீங்கன்னும் எழுதிடுங்க என்றான். அவர் தனக்குக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். போகிற அவசரத்தில் என்னிடம் பெருமையாக, உங்க பொண்ணு வேற லெவல் தலைவிம்மா, அடுத்து மலைப்பக்கத்து டவர்களுக்கும் டீசல் மிச்சம் பிடிக்கிற இதே ஏற்பாடுதான், போர்டு மீட்டிங்ல வைக்கப்போறாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மலைப்பக்கத்திலும் பிள்ளை பெறுகிறார்கள் லுசுங்கு. அங்கேயும் யாரோ ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு சிக்னல் வந்துச்சா என்று கேட்பாள்.

உன் கணக்கு எனக்குப் புரியாது, வளராத கம்பெனி மூடிப்போகும் என்று நீ சொல்வாய், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மீட்டிங்கில் நீயே எழுந்து, மழை இல்லை, நாங்கள்தான் அணைத்தோம் என்று சொல். மலைப்பக்கத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. பதவி போனால் போகட்டும், உன் அறை அப்படியேதான் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு நடை வந்துவிட்டுப் போ. கார் வரிசை, கொட்டு, மேளம் எதுவும் வேண்டாம், பஸ்ஸில் வா, முதலில் சிர்வா வீட்டுக்குப் போ, அப்புறம் நம் வீட்டுக்கு வா.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியும் அதைச் சொல்கிற தைரியமும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதே. ஒன்று சொல்ல மறந்தேன். குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. பெண் பிறந்தால் உன் பேர்தான் என்று டோவேரா வயிற்றைத் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையே வச்சிடலாமா என்று சிர்வாவைக் கேட்டேன். அக்கா வந்து பேசட்டும்மா, கேட்டுட்டுச் சொல்றேன் என்றான்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
தியேசே மாண்டா